ஸ்வீட் ஹோம் 3டி: பழைய வீட்டை இடிச்சு மாத்தறதுக்கு முன்னாடி பிளான் வரைய இது போதுமா? நாலு மாச அனுபவம்

ஸ்வீட் ஹோம் 3டிங்கற வீட்டு பிளான் வரையற சாஃப்ட்வேர டவுன்லோட் பண்ணி அரை மணி நேரம் பாத்துட்டு எழுதற ரிவ்யூ இல்ல இது, நாலு மாசம் இதுலயே உக்காந்து எங்க வீட்ட முழுசா வரைஞ்சு, அதை வச்சு இப்ப வேலையும் நடந்துட்டு இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எங்க வீடு மாயவரம் பக்கத்துல, கிழக்கு பாத்த தெரு வீடு. தாத்தா கட்டினது, 80 வருஷத்துக்கு மேல ஆச்சு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, கொல்லைன்னு ரயில் பெட்டி மாதிரி நீளமா போகும், மேல மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு கட்டை வரிசையா போட்டு அதுக்கு மேல செங்கல்ல சுண்ணாம்பு வச்சு குத்துக்கல்லா அடுக்கி ஜல்லி போட்டு தட்டோடு பதிச்ச தளம். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு, வாக்கர் வச்சுதான் நடக்கறாங்க, பாத்ரூம் கொல்லைல இருக்கு, ராத்திரில முற்றம் தாண்டி பின்கட்டு தாண்டி ரெண்டு படி இறங்கிப் போகணும். போன ஐப்பசி மழைல அந்த படில ஒரு நாள் வழுக்கிடுச்சு, நல்ல வேளை கைல செவுத்த பிடிச்சுட்டாங்க. அன்னிக்குதான் அப்பாவும் நானும் தம்பியும் முடிவு பண்ணினோம், இனிமே தள்ளிப்போடக் கூடாது, பின்கட்டுல அம்மா படுக்கற ரூமும் ஒட்டினாப்ல பாத்ரூமும் வச்சிடணும்னு.

முதல்ல ஊர்ல பிளான் போட்டுக் குடுக்கற ஒருத்தர்கிட்ட குடுத்தோம். பேரு வேணாம். வந்தாரு, வாசல்ல ஒரு தடவை டேப் புடிச்சாரு, 22 அடின்னு எழுதிக்கிட்டாரு, நீளத்த நடந்தே அளந்துட்டு கிளம்பிட்டாரு. நாலு நாள்ல கலர் பிரிண்ட் வந்துச்சு, பாக்க ரொம்ப அழகா இருந்துச்சு, சோஃபா எல்லாம் போட்டு செடி எல்லாம் வச்சு. பின்கட்டுல அம்மா ரூம் 13 அடி 9 இன்ச், பாத்ரூம் 6 அடி அகலம். அப்பா சந்தோஷமா பணம் குடுத்துட்டாரு.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். பாத்ரூமுக்கு ஒதுக்கினது பழைய சாமான் ரூம், அதுல நான் சின்ன வயசுல ஒளிஞ்சு விளையாடி இருக்கேன், அது 6 அடி எல்லாம் இருக்காதே, நெல்லு குதிர் வச்சா பக்கத்துல ஒரு ஆள் ஒருக்களிச்சுதான் போக முடியும். லீவ் போட்டு ஊருக்குப் போயி டேப் எடுத்து நானே அளந்தேன். 4 அடி 4 இன்ச். அம்மா ரூம் 12 அடி 7 இன்ச். ரெண்டும் சேத்து 2 அடி 10 இன்ச் காணோம்!

எங்க போச்சுன்னு பாத்தா ரெண்டு விஷயம். அவரு எல்லா செவுத்தையும் 9 இன்ச்னு போட்டுட்டாரு, இப்ப கட்டற வீட்ல சரிதான், ஆனா எங்க வீட்டு செவுரு ஒன்றரை கல்லு, பூச்சோட 15 இன்ச். குறுக்க மூணு செவுரு, ஒண்ணுக்கு 6 இன்ச்னா 18 இன்ச் அங்கயே போச்சு. அடுத்தது மனை நேரா இல்ல, முன்னாடி 22 அடி, பின்னாடி போகப் போக குறைஞ்சு 20 அடி 8 இன்ச்தான். அதுல 16 இன்ச். 18ம் 16ம் 34, கணக்கு டாலி ஆயிடுச்சு. இந்த பிளான நம்பி கொத்தனார கூப்ட்டு இடிச்சிருந்தா, டைல்ஸ் வாங்கி, கம்மோடு வாங்கி எல்லாம் வந்ததுக்கு அப்பறம்தான் தெரிஞ்சிருக்கும்.

இப்படிதான் ஸ்வீட் ஹோம் 3டிக்கு வந்தேன். இது ஓபன் சோர்ஸ், அதாவது இதோட கோட யாரு வேணா பாக்கலாம் மாத்தலாம், பிரான்ஸ்ல செய்யறது, காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். என்கிட்ட இருக்கறது பழைய லேப்டாப், அதுலயே நல்லா ஓடிச்சு. நான் எஞ்சினியர் இல்ல, ஸ்கூல்ல கணக்கு டீச்சர், ஆட்டோகேட் எல்லாம் தொட்டதே இல்ல. ஒரு சனி ஞாயிறுல கைக்கு வந்துடுச்சு.

திரை நாலா பிரிஞ்சிருக்கும், இடது பக்கம் மேல கதவு ஜன்னல் கட்டில் எல்லாம் இருக்கற கேட்டலாக், கீழ நம்ம வீட்ல போட்ட சாமானோட லிஸ்ட், வலது பக்கம் மேல பிளான், கீழ அதே பிளான் 3டில. மேல செவுரு இழுக்க இழுக்க கீழ அது எழும்பி நிக்கும். முதல் தடவை எங்க ரேழி எழும்பி நின்னப்ப அம்மாவ கூப்ட்டு காட்டினேன், "ஏண்டி இது நம்ம ரேழியா"ன்னு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க.

ஆனா அதுக்கு முன்னாடி அளவு. இதை அழுத்தி சொல்றேன், சாஃப்ட்வேர் எவ்ளோ நல்லதா இருந்தாலும் டேப்ல தப்பா அளந்தா தப்பாத்தான் வரையும். நான் செஞ்சது, கிராஃப் பேப்பர் நோட்டு ஒண்ணு எடுத்துட்டு ஒவ்வொரு ரூமா நாலு பக்கமும் அளந்தேன், எதிர் எதிர் பக்கம் ஒண்ணா இருக்கும்னு நெனைக்காம நாலையும் அளந்தேன், அப்பறம் மூலைக்கு மூலை ரெண்டும் அளந்தேன். இந்த மூலை அளவுதான் முக்கியம். எங்க கூடம் 16க்கு 11, மனையடி சாஸ்திரம் பாத்து உள்கூடு அளவு, அதாவது செவுத்துக்கு செவுரு உள்பக்க அளவு வச்சு கட்டினது, மூலை மட்டமா இருந்தா குறுக்கு அளவு ரெண்டும் 19 அடி 5 இன்ச் வரணும். வந்தது ஒண்ணு 19 அடி 2, இன்னொண்ணு 19 அடி 8. அப்ப கூடமே கோணலா இருக்குன்னு அர்த்தம், இத்தனை வருஷம் அங்க உக்காந்து சாப்ட்டவங்க யாருக்கும் இது தெரியாது. செவுரு கனம் கதவு நிலைலயும் ஜன்னல்லயும் தெரியும், அங்க டேப் வச்சு பாத்துடலாம். தரைல இருந்து ஜன்னல் அடி எவ்ளோ, கட்டை அடி வரைக்கும் உயரம் எவ்ளோ, சுவிட்ச் பாக்ஸ் எங்க, தண்ணி குழாய் எங்க வருது, எல்லாம் எழுதிக்கோங்க. ரெண்டு ஆள் இருந்தா நல்லது, ஒருத்தர் டேப் முனைய புடிக்க, தம்பி புடிச்சான்.

அந்த கிராஃப் பேப்பர ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து சாஃப்ட்வேர்ல பேக்ரவுண்டா போட்டுக்கலாம், ஏதாவது ஒரு கோடு எவ்ளோ நீளம்னு சொல்லிட்டா மத்ததெல்லாம் அந்த ஸ்கேல்ல வந்துடும், அதுக்கு மேல செவுரு இழுத்துட்டே போகலாம். யூனிட்ட மொதல்லயே அடி இன்ச்சுக்கு மாத்திடுங்க, இல்லன்னா சென்டிமீட்டர்ல காட்டி குழப்பும்.

இப்ப புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டற ஒரு இடம், நானும் ஒரு நாள் முழுக்க மாட்டினேன். செவுரு இழுக்கறப்ப அது காட்டற நீளம் செவுத்தோட நடுக்கோட்டுக்கு. உள்கூடு 11 அடின்னு நான் 11 அடி இழுத்தா, ரெண்டு பக்கமும் அரை அரை செவுரு உள்ள வந்து 9 அடி 9 இன்ச்தான் மிச்சம் இருக்கும். 15 இன்ச் செவுத்துக்கு 12 அடி 3 இன்ச் இழுத்தாதான் உள்ள 11 கிடைக்கும். மெல்லிசு செவுரு இருக்கற வீட்ல இது அவ்ளோ தெரியாது, நம்ம பழைய வீட்ல பெரிய வித்தியாசம். நான் ஒவ்வொரு ரூம் வரைஞ்சதும் அளவுக்கோடு டூல எடுத்து செவுத்து உள்முகத்துல இருந்து உள்முகம் வரைக்கும் போட்டு நோட்டோட சரி பாத்துட்டுதான் அடுத்த ரூமுக்கு போனேன். இன்னொண்ணு, மேக்னடிசம்னு ஒரு செட்டிங் இருக்கு, அது செவுத்த தானா நேரா திருப்பி விடும், நேரான வீட்டுக்கு ரொம்ப வசதி, கோணல் வீட்டுக்கு அத ஆஃப் பண்ணிடணும், இல்லன்னா நீங்க அளந்த கோணல எல்லாம் அது நேராக்கிடும்.

இழுக்கறப்ப என்டர் தட்டினா நீளத்தையும் கோணத்தையும் டைப் பண்ணி குடுக்கலாம், மவுஸ் வச்சு கை நடுங்கிட்டு இருக்க வேணாம். மூடின செவுத்துக்குள்ள ரூம் டூல்ல டபுள் கிளிக் பண்ணா தரை வந்துடும், பரப்பளவும் வந்துடும், டைல்ஸ் கணக்கு பாக்க நல்லா உதவுச்சு. கேட்டலாக்ல நம்ம வீட்டு சாமான் கிடைக்காது, பீரோவுக்கு ஒரு வார்ட்ரோப்ப எடுத்து நீளம் அகலம் உயரம் மாத்தி பேரு போட்டுக்கிட்டேன், எதோட அளவையும் டைப் பண்ணி மாத்தலாம்.

பாத்ரூம்தான் எனக்கு இதுல கிடைச்ச பெரிய லாபம். முதல் பிளான்ல கம்மோடு ஒரு செவுத்துலயும் வாஷ் பேசின் எதிர் செவுத்துலயும் இருந்துச்சு, 6 அடில அது சரி. 4 அடி 4 இன்ச்னா மொத்தம் 52 இன்ச், கம்மோடு 28 இன்ச் முன்னால வரும், பேசின் 18, நடுவுல மிச்சம் 6 இன்ச். வாக்கர் எங்க போகும்? திரைல வச்சு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. நல்லவேளையா அந்த ரூம் நீளம் 8 அடி இருக்கு, அதனால பேசின், கம்மோடு, குளிக்கற இடம் மூணையும் ஒரே செவுத்துல வரிசையா நீளவாக்குல வச்சேன், எதிர்ல 2 அடி இடம் நேரா கிடைச்சுது. கதவு முதல்ல 2½ அடின்னு போட்டிருந்தாரு, நிலைக்கட்டை போக 2 அடி சொச்சம்தான் தேறும், அத 3 அடி ஆக்கினேன். உள்பக்கம் தொறக்கற மாதிரி இருந்தத வெளிப்பக்கம் மாத்தினேன், ஏன்னா உள்ள ஒரு வேளை விழுந்துட்டாங்கன்னா ஆளே கதவுக்கு தடையா கிடப்பாங்க, வெளில இருந்து தள்ளவும் முடியாது. வயசானவங்க இருக்கற வீட்ல எல்லாரும் தயவு செஞ்சு இத பாருங்க.

வர்ச்சுவல் விசிட்னு ஒண்ணு இருக்கு, ஒரு ஆள் வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி பாக்கலாம், அந்த ஆளோட உயரத்த மாத்தலாம். அம்மா உயரம் வச்சேன். கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் நடந்து பாத்தா பீரோ மூலை நேரா இடிச்சுது. பீரோவ மாத்தினோம், செலவு ஒண்ணும் இல்ல.

முற்றத்த பத்தி வீட்ல பெரிய சண்டை. தம்பிக்கு மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிடணும், மழைத்தண்ணி வராது, கொசு வராதுன்னு. அம்மாவுக்கு மூடவே கூடாது. இதுல காம்பஸ் மாதிரி ஒண்ணு இருக்கு, வடக்கு எந்தப் பக்கம், ஊர் எந்த அட்சரேகைன்னு குடுத்துட்டா, 3டி வீட்ட சாஃப்ட்வேர்லயே ஃபோட்டோவா எடுக்கறப்ப தேதியும் நேரமும் சொல்லலாம், வெயில் அதுக்கு ஏத்த மாதிரி விழும். எங்க ஊரு 11 டிகிரி வடக்கு, ஏப்ரல் 20 பக்கத்துல மத்தியானம் சூரியன் நேரா தலைக்கு மேல நிக்கும். அந்த தேதி குடுத்து எடுத்தா முற்றத்து தரை முழுக்க வெயில், அம்மா வத்தல் வடாம் காயப்போடறது சித்திரைலதான், அவங்களுக்கு தெரியாததா. டிசம்பர் கடைசி தேதி குடுத்து எடுத்தா மத்தியானமே தரைல ஒரு பொட்டு வெயில் இல்ல, தெக்கு பக்க செவுத்தோட நிழல் 6 அடி முற்றத்த முழுசா மூடிடுச்சு, வெயில் வடக்கு தாழ்வாரத்து செவுத்துல மட்டும் ஏறி நின்னுச்சு. ஷீட் போட்டா மார்கழில கூடம் எவ்ளோ இருட்டா போகும்னு தம்பியே பாத்துட்டு, சரி கம்பி கிரில் மட்டும் போட்டு கொசுவலை அடிச்சுக்கலாம், மேல தொறந்தே இருக்கட்டும்னு ஒத்துக்கிட்டான். இந்த ஒரு விஷயத்துக்கே இந்த சாஃப்ட்வேருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். ஃபோட்டோ நல்ல குவாலிட்டில வர பழைய லேப்டாப்புல நேரம் எடுக்கும், சாப்ட போறப்ப போட்டுட்டு போயிடுவேன்.

இது செய்யாத வேலை என்னன்னும் சொல்லணும், ஏன்னா இத நம்பி யாரும் செவுத்த இடிச்சுடக் கூடாது. கூடத்துக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவுல இருக்கற செவுத்த எடுத்துட்டா பெரிய ஹால் கிடைக்கும்னு எல்லாருக்கும் ஆசை. சாஃப்ட்வேர்ல அந்த செவுத்த கிளிக் பண்ணி டெலீட் தட்டினேன், போயிடுச்சு, மேல தளம் அப்படியே அந்தரத்துல நிக்குது, ஒரு எச்சரிக்கை கூட வராது. அதுக்கு எடை தெரியாது, பாரம் தெரியாது. அப்பறம் தெரிஞ்சவங்க மூலமா ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் மேடம் வந்தாங்க. உள்ள வந்ததும் அண்ணாந்து மேல பாத்தாங்க, கட்டை எந்தப் பக்கமா ஓடுது, முனை எங்க உக்காந்திருக்குன்னு பாத்தாங்க, ரெண்டு பக்கத்து கட்டையும் வந்து உக்கார்றது அந்த நடுச்செவுத்து மேலதான். ஒரு கட்டை முனைய ஸ்க்ரூ டிரைவரால குத்தி பாத்தாங்க, ஓதம் ஏறி கொஞ்சம் மெத்துனு இருந்துச்சு. "இந்த செவுத்த தொடாதீங்க, வழி வேணும்னா 3½ அடிக்கு ஒரு திறப்பு, மேல இரும்பு கர்டர் குடுத்து, அதுவும் கட்டைக்கு முட்டு குடுத்துட்டு அப்பறம்தான்"னு சொல்லிட்டாங்க. அந்த ஒரு மணி நேரத்துக்கு குடுத்த ஃபீஸ்தான் இந்த மொத்த வேலைலயும் நான் மனசார குடுத்த பணம். என் பிளான் பிரிண்ட்ட வாங்கி பாத்துட்டு, செவுரு கனம் எல்லாம் சரியா போட்டிருக்கீங்க, எனக்கு பாதி வேலை மிச்சம்னாங்க, அது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

டிரெயினேஜும் இதுல வராது. பாத்ரூம்ல இருந்து கொல்லைல இருக்கற செப்டிக் டேங்க் 32 அடி, 40 அடிக்கு 1 அடி வாட்டம்னு வச்சா 10 இன்ச் இறங்கணும், டேங்க் வாய் அதுக்கு கீழ இருக்கான்னு நாமதான் மட்டக்குழாய் புடிச்சு பாத்துக்கணும். கரண்ட் பாயிண்ட்டும் அப்படிதான், நான் எழுத்தா பிளான்லயே போட்டு வச்சேன், கட்டில் தலைமாட்டுல ஒரு சுவிட்ச், பாத்ரூம் கதவு பக்கத்துல ஒரு சுவிட்ச், ரெண்டும் டூ வே, அதாவது ஒரே லைட்ட எந்த இடத்துல இருந்தும் போடலாம் அணைக்கலாம். அப்பறம் அப்ரூவல் தேவைப்படற வேலையா இருந்தா இந்த பிரிண்ட் செல்லாது, பதிவு பண்ணின எஞ்சினியர் கையெழுத்து போட்ட டிராயிங்தான் வேணும், இது நம்ம வீட்டுக்குள்ள பேசி முடிவு பண்றதுக்கும் கொத்தனாருக்கு சொல்றதுக்கும்தான்.

ஒரு பழக்கம் சொல்றேன், இருக்கற வீட்ட வரைஞ்சு முடிச்சதும் அத ஒரு ஃபைலா சேவ் பண்ணி பூட்டி வச்சுடுங்க, மாத்தறதெல்லாம் காப்பி எடுத்து அதுல பண்ணுங்க. என்கிட்ட இப்ப 9 ஃபைல் இருக்கு, அப்பா சொன்னது, தம்பி சொன்னது, அத்தை ஃபோன்ல சமையல் மேடை அக்னி மூலைலதான் இருக்கணும்னு சொன்னது எல்லாம் தனித்தனியா. எல்லாரையும் உக்கார வச்சு ஒண்ணொண்ணா தொறந்து காட்டினதுல சண்டை எல்லாம் திரைலயே முடிஞ்சுது, இடிச்சதுக்கு அப்பறம் யாரும் "நான் அப்பவே சொன்னேன்"னு ஆரம்பிக்கல.

பிடிஎஃப்பா பிரிண்ட் எடுத்து குடுத்தப்ப கொத்தனார் பாத்துட்டு முதல்ல கேட்டது, "பாப்பா, எல்லாம் உள்கூடு அளவா, பூச்சுக்கு முன்னயா பின்னயா?" அத நான் எழுதவே இல்ல. பூச்சு முடிஞ்ச அளவுன்னு எல்லா தாள்லயும் பெருசா எழுதி மறுபடி எடுத்து குடுத்தேன், நீங்களும் எழுதிடுங்க, டைல்ஸ் போட்டா செவுத்துக்கு முக்கால் இன்ச் ஒரு இன்ச் இன்னும் உள்ள வரும்.

நிலை வைக்கறதுக்கு மொத நாள் சாயங்காலம் அவரு ஒரு வேலை செஞ்சாரு, தாள பாத்து பின்கட்டு தரைல சாக்பீஸ்ல கட்டில், பீரோ, கதவு எல்லாம் அதே அளவுல கோடு போட்டாரு. அம்மா வாக்கர எடுத்துட்டு கட்டில் கோட்டுல இருந்து எழுந்து நடந்து வந்தாங்க, கதவு கோட்டுகிட்ட வந்து நின்னு, "கைப்பிடி எனக்கு எட்டல, வலது கைல வாக்கர் இருக்குல்ல, கதவ இன்னும் அரை அடி கட்டில் பக்கமா தள்ளு"ன்னாங்க. அத்தனை தடவை திரைல நடந்து பாத்தும் எனக்கு அது தோணல. அங்கயே லேப்டாப்ப தொறந்து கதவ 6 இன்ச் நகத்தினேன், சுவிட்ச் இடத்தையும் சேத்து மாத்தி, கடைத்தெருல போயி புது பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன், கொத்தனார் பழைய தாளுக்கு மேலயே அத ஆணி அடிச்சு மாட்டிட்டாரு.